செவிலியர் சங்கம் புகட்டும் பாடம்



அமெரிக்க நாட்டுக் கறுப்பினச் செவிலியரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். மார்த்தா பிராங்க்ளின் என்னும் அம்மையார் தம் கைப்பட ஏறத்தாழ 1,500 கடிதங்கள் எழுதி அவர்களை அழைத்தார். 1908இல் 52 பேர் நியூயார்க்கில் கூடித் தனிச் சங்கம் கண்டனர். மறு ஆண்டு பாஸ்டனில் முதல் ஆண்டு மாநாடு நடைபெற்றது. பயிற்சியின் தரத்தை உயர்த்துதல், நிறவேற்றுமையை ஒழித்தல் ஆகியவையே அவர்தம் நோக்கங்கள்.

1916 முதல் மாநிலச் சங்கத்தின் வழியாகவே தேசியச் செவிலியர் சங்கத்தில் சேர முடியும் என்றாயிற்று. தென்மாநிலச் சங்கங்களோ நிறத்தைக் காட்டிக் கதவடைத்தன. செவிலியர் சோர்ந்தாரில்லை, ஆண்டுதோறும் கூடினர், வாதாடினர். 1945இல் படைத்துறைச் செவிலியர் பணியில் நிறத்தடை நீங்கிற்று. 1948இல் மாநிலச் சங்கம் மறுத்தவரையும் தேசியச் சங்கம் நேரே ஏற்றது. குறிக்கோள் நிறைவேறிற்று என எண்ணி, 1951இல் தம் சங்கத்தைக் கலைத்தனர். ஆயினும் குறைகள் தீர்ந்தபாடில்லை. 1971இல் புதியதொரு சங்கம் காண வேண்டியதாயிற்று.

இளைஞர்களே! சட்டம் கதவைத் திறக்கலாம். அது மீண்டும் அடைபடாமல் காப்பது சங்கமே. செவிலியம் பயிலும் நம் பெண்மக்கள் சான்றிதழ் பெறுவதோடு நில்லாது, தொழிற்சங்கத்திலும் சேர்ந்து, மாநாட்டில் எழுந்து பேசுதல் வேண்டும். நம் சங்கத்தின் வெள்ளி விழாவும் கூடிக் கலைவதற்கன்று, விழித்திருப்பதற்கே.