ஆசிரியரிடம் வந்த ஓட்டுச்சில்லு



மதுரைக்குப் பக்கத்தில் கீழடி. அங்கே 2023-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே, அங்கே தோண்டி எடுத்த பழங்காலப் பானை ஓடுகள். அவற்றில் கீறி எழுதிய பெயர்கள். ஒன்றில் 'ஆதன்' என்று இருக்கிறது. பக்கத்திலேயே சுடுமண் வட்டச் சில்லுகள். நம் பிள்ளைகள் பாண்டி ஆடும் அதே மாதிரிச் சில்லுகள்தான்!

இதற்கெல்லாம் முதல் பொறி எங்கே தெரியுமா? பள்ளிக்கூடத்தில். 1970-களில் கீழடியில் கிணறு வெட்டியபோது பழம்பொருள்கள் கிடைத்தன. பிள்ளைகள் மூலமாகச் செய்தி உள்ளூர் வரலாற்று ஆசிரியருக்குப் போனது. அவர் அலட்சியம் செய்யவில்லை. எடுத்து வைத்தார், உரியவர்களிடம் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து அகழாய்வு வந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் தென்னந்தோப்புகளில் தோண்ட இடம் கொடுத்தார்கள்.

ஆக, அருங்காட்சியகம் ஊர்க்காரர்களின் சொத்து. மாணவர்களின் சொத்து.

உங்கள் ஊரில் மண் தோண்டும்போது பழைய ஓடோ காசோ கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். ஆசிரியரிடம் காட்டுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள். இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பக்கத்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள்.