காற்றுக்குக் கட்டும் வரி



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது மோட்டார் காரும் காற்றும் என்கின்ற விஷயமாகும். "கார் வைத்திருப்பவன் கவலை நமக்கெதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். அமெரிக்காவில் இந்தக் காரியத்தில் இறங்கியவர்களில் அநேகர், பழைய காரை வைத்துக் கொண்டு பெட்ரோல் செலவுக்குத் திண்டாடுகின்ற சாதாரண ஆட்களே என்பதால்தான் இதை எடுத்துக் கொண்டோம்.

ஓடுகின்ற வண்டியில் கையை வெளியே நீட்டிப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையை முன்னே காட்டினால் காற்று பின்னுக்குத் தள்ளுகிறது. கையைக் கவிழ்த்துப் பிடித்தால் அவ்வளவு தள்ளுவதில்லை. கை அதே கைதான், உருவந்தான் வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதைத் தள்ள எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிறது. 1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அமெரிக்க அரசாங்கம் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாதென்று 1974ல் சட்டம் கொண்டு வந்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அச்சட்டம் 1995ல் எடுபட்டது, கணக்கு எடுபடவில்லை.

அந்த 1973ம் வருஷத்தில்தான் கலிபோர்னியாப் பாலைவனத்தில் நாசாவின் ஆகாய விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த எட்வின் சால்ட்ஸ்மன் என்பவர் ஒரு காரியம் செய்தார். அவர் சைக்கிளில் போகும்போது, பெரிய லாரிகள் கடந்தால் காற்று அவரை முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுத்தது. எத்தனையோ பேரை அப்படித் தள்ளியிருக்கும்; இவர் ஏன் என்று கேட்டார். ஒரு சாதாரண வேன் வண்டியைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, கூரான மூலைகளுள்ள செருப்புப் பெட்டியைப்போல் ஆக்கி ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு மூலைகளை உருட்டி ஓட்டிப் பார்த்தார்கள். காற்றுத் தடையில் பாதிக்குமேல் குறைந்து போயிற்று!

எப்படி அளந்தார்கள் தெரியுமா? வண்டியை வேகமாக ஓட்டி, கியரை விலக்கி விட்டு, தானாக ஓடி வேகம் குறைய எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்தார்கள். காற்று எங்கே ஒட்டிப் போகிறது, எங்கே பிய்த்துக் கொண்டு சுழல்கிறது என்று காண, வண்டியின் மேலெல்லாம் நூல் துண்டுகளை ஒட்டினார்கள். நூல் படிந்து கிடந்தால் காற்று ஒழுங்காகப் போகிறது. துடித்துச் சுழன்றால் அங்கே பெட்ரோல் வீணாகிறது. நூலும் கடிகாரமும் யார் வீட்டில் இல்லை?

வீட்டில் வேலை செய்பவர்கள் செய்வதும் இதுவேதான். அட்டை அல்லது பிளாஸ்டிக் தகட்டை வெட்டி முன்பக்கக் காற்றுத் துவாரத்தில் ஒரு பகுதியை அடைக்கிறார்கள், அடிவயிற்றை மூடுகிறார்கள், பின் சக்கரத்தை மறைக்கிறார்கள், சிலர் வால் போல ஒரு சரிவைக் கட்டுகிறார்கள். சரிவு செங்குத்தாகி விட்டால் காற்று அதில் ஒட்டாமல் பிய்த்துக் கொள்ளும். துவாரத்தை அதிகமாக அடைத்தால் எஞ்சின் கொதித்து விடும். புகைக்குழாய் அருகில் பிளாஸ்டிக்கை வைத்தவன் பெட்ரோலை மிச்சப்படுத்த மாட்டான், காரையே கொளுத்துவான்.

இனி மற்றொரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் செலவு குறையும் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நாமும் ஒரு முறை வாங்கிக் கட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்ளுகிறோம். ஒரு மாதம் குறைந்தது போலவே இருந்தது. பணம் கொடுத்துவிட்ட படியால் நாமே காலை மெதுவாக அழுத்தினோம் என்பது பிறகுதான் தெரிந்தது. குழந்தைக்குத் தாயத்துக் கட்டி, காய்ச்சல் தானாக இறங்கியதும் தாயத்தைப் புகழ்கிற கதைதான். அமெரிக்க அரசாங்கச் சுற்றுச்சூழல் இலாகா இம்மாதிரிச் சாமான்கள் நூற்றுக்கு மேல் சோதித்தது. பலன் தந்தவை மிகச் சிலவே, அதுவும் சொற்பந்தான்.

ஆதலால் அட்டை ஒட்டுகிறவனும் அளக்க வேண்டும். அதே ரோடு, காற்றில்லாத அதே காலை நேரம், டயரில் அதே அழுத்தம், போக ஒரு தரம், வர ஒரு தரம். முதலில் அட்டையில்லாமல், பிறகு அட்டையோடு, பிறகு அட்டையைக் கழற்றிவிட்டு மறுபடியும். இந்த மூன்றாவதைத்தான் பலர் செய்வதில்லை. கஷ்டப்பட்டுக் கட்டியதைக் கழற்ற மனம் வருவதில்லை. பலன் இல்லையென்று தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு!

பின்பக்கம் திறந்த பிக்-அப் வண்டிக்காரர்கள், பின்கதவை இறக்கி விட்டால் காற்று தடையில்லாமல் போகும் என்று வெகு காலமாகச் சொல்லி வந்தார்கள். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்தால் பெரும்பாலும் நேர்மாறாக இருந்தது. மூடிய கதவுக்குள் காற்று ஒரு மெத்தையைப் போலச் சுழன்று கிடக்க, மேலே வருகிற காற்று அதன்மேல் வழுக்கிப் போகிறது. கதவை இறக்கினால் மெத்தை கலைந்து விடுகிறது.

நகரத்தில் நின்று நின்று போகிற வண்டிக்கு இந்த அட்டை வேலையால் அதிகப் பிரயோஜனமில்லை. நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்குத்தான் லாபம். அவர்களும் அட்டை வாங்கு முன், கூரைமேல் வெறுமனே கிடக்கும் சாமான் தட்டைக் கழற்றட்டும். அதற்குக் காசு செலவில்லை. ஒரு ஸ்பானர் போதும்.