குடியை விட நினைப்போர்க்கு ஒரு கூட்டம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பள உயர்வைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று, உயர்ந்த சம்பளத்தையும் வீடு வரவிடாமல் வழிமறிக்கும் குடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். குடி கெடுதல் என்று சொல்ல வரவில்லை. அது குடிப்பவருக்கே நம்மைவிட நன்றாகத் தெரியும். விட நினைப்பவர் எங்கே போவது, அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே வந்தோம்.

குடியை எதிர்ப்பது தோட்டத் தொழிலாளிக்குப் புதிதல்ல. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்தன, குடி மறையவில்லை. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மது முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது. ஆகவே கடையை மூடுவது ஒரு போராட்டம். குடியில் சிக்கிய மனிதனை மீட்பது வேறொரு போராட்டம்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்தனர். இருவரும் குடியால் சீரழிந்தவர்கள். தனியாக விட முயன்று தோற்ற அவர்கள், ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசியே குடியிலிருந்து விலகி நின்றனர். அதிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏ.ஏ. இயக்கம். இன்று பல நாடுகளிலும், நம் மலேசியாவிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. இது நமக்குப் புரியாத தத்துவமா? தனியாளாகத் துரையிடம் போனவர் வெறுங்கையோடு திரும்பியதையும், சங்கமாகப் போனபோது வழி பிறந்ததையும் அறிந்தவர்கள் அல்லவா நாம்!

அங்கே என்ன நடக்கும்? பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்காருவார்கள். எல்லோரும் குடியால் அடிபட்டவர்கள். ஒருவர் தம் கதையைச் சொல்வார். மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். பேச விரும்பாதவர் சும்மா கேட்டிருக்கலாம். அங்கே, "இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன்" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வதில்லை. "இன்று ஒருநாள் குடிக்காதிரு" என்பதே அவர்கள் பாடம்.

"பெயர் வெளியே போனால்?" என்று கிராணிமார் அஞ்சலாம். முழுப்பெயர் கேட்பதில்லை, அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. லயத்தில் குடித்தாலும் அலமாரியில் பூட்டி வைத்துக் குடித்தாலும் நோய் ஒன்றே. "பணம் கட்டவேண்டுமா?" சந்தா கிடையாது; விரும்பினால் உண்டியலில் போடலாம். "மதம் மாற்றுவார்களோ?" கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு, ஆனால் அவரவர் அறிந்த கடவுள். தேவாலய அறையில் நடந்தாலும் அது தேவாலயக் கூட்டமன்று. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே நுழைவுச் சீட்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? அரசாங்கச் சுகாதார நிலையத்து டாக்டரிடம் கேளுங்கள். கைத்தொலைபேசியில் தேடுங்கள், தெரியாவிட்டால் படித்த பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். போகுமுன் நாள், நேரம், மொழி மூன்றையும் கேட்டுக் கொள்ளுங்கள். திரும்பிவரப் பஸ் உண்டா என்றும் பாருங்கள். எல்லா ஊரிலும் தமிழில் கூட்டம் கிடைக்காது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன; இணையவழி நடப்பவற்றில் இங்கிருந்தே சேரலாம். ஆனால் அங்கே மாலை 7 மணி, நமக்கு இரவு 9.30. விடியுமுன் பெரட்டுக்கு எழுபவர் அதையும் கணக்கிட வேண்டும். முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் ஒதுங்கிவிடாதீர்கள். இன்னும் சில தடவை போய்ப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. காலையில் கை நடுங்கி, உளி ஆழப் பாய்ந்து மரத்தில் காயம் விழுகிறதா? ஒரு மடக்குக் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா? அப்படிப்பட்டவர் திடீரென்று குடியை நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டர், உடனே கூட்டம். கூட்டம் மருந்துக்கு மாற்று அல்ல. மருந்து கூட்டத்துக்கு மாற்று அல்ல.

தாய்மார்களே! குடிப்பவர் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951இல் தோன்றியது. கணவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். குடிக்கு அடிமையான பெண்களுக்கும் ஏ.ஏ. கூட்டம் உரியதே, அவர்களை ஏளனம் செய்து மூலைக்குத் தள்ளாதீர்கள்.

பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால்? குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் அதற்காகக் கூடினாலே அது ஒரு குழு என்பது ஏ.ஏ.யின் மரபு. நம் சங்கத்தை நடத்தத் தெரிந்த நமக்கு ஓர் அறையும் நான்கு நாற்காலியும் பெரிய காரியமா? கிளைக் காரியதரிசிகள் அருகிலுள்ள கூட்டங்களின் விவரத்தைக் கையில் வைத்திருக்கட்டும். மோட்டார் சைக்கிள் உள்ளவர், இல்லாதவரை ஏற்றிச் செல்லட்டும். கூட்டத்துக்குப் போய் வருபவரைப் பார்த்து, "சாமியாராகி விட்டாயா?" என்று கேலி பேசும் வாய்கள் மூடட்டும். அந்த ஒரு சொல் அவரை மறுபடி சம்சுக் கடைக்கே அனுப்பிவிடும்.

விழுந்தவரைத் தூக்குவது சங்கத்தின் கடமை. அடுத்த கூட்டத்துக்குத் தனியே போகக் கூசும் தோழர் யாராயினும் நம்மிடம் சொல்லுங்கள், கூடவே வருகிறோம்.