எடுத்த படத்தைக் காத்தல்

(சங்க ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் செயற்குழுவினர் பேச வந்தால், செய்த தொண்டுகளை அடுக்கிச் சொல்வதே வழக்கம். இன்று நாங்கள் அவ்வாறு பேச வரவில்லை. செய்த பிழை ஒன்றை ஒப்புக்கொண்டு, அது மீண்டும் நிகழாதிருக்க உங்கள் துணையை நாடி நிற்கிறோம்.

நம் காலனியில் வாழ்ந்து மறைந்த மூத்த அம்மையார் ஒருவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இராணுவக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றிய கணவரோடு 1950களின் இறுதியில் புனே வந்தவர். நம் குழந்தைகள் அனைவர்க்கும் அவர் பாட்டி. 1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து, முத்தா ஆறு நாராயண் பேட்டையும் சனிவார் பேட்டையும் விழுங்கிய அந்தப் பகற்பொழுதில், கைக்குழந்தையோடு தாம் உயிர் தப்பிய வரலாற்றை அவர் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே பலர் உளர். மராத்தி ஒரு சொல்லும் அறியாத அவரை, எதிர்வீட்டு மராத்திக் குடும்பத்தார் தம் மாடிக்கு அழைத்துச் சென்று காத்தனர். அவர் மறைவதற்கு முந்திய ஆண்டு, நம் இளைஞர்கள் அவரை அமர்த்தி, இரண்டு மணி நேரம் அவர் பேசியதைக் காணொளியாக எடுத்தார்கள்.

அப்பதிவு இன்று நம்மிடம் இல்லை.

திருட்டுப் போகவில்லை, தீப்பற்றவில்லை, நாங்களே அழித்துவிட்டோம். மெமரி கார்டிலிருந்து அதைச் சங்கத்தின் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். ஏற்றிய கோப்புறைக்கு 'புதியது 2' என்று பெயர் வைத்தோம். அடுத்த பொங்கல் விழாவிற்காகக் கார்டைத் துடைத்தோம். சில மாதங்கள் கழித்து டிஸ்கில் இடம் போதவில்லை. 'புதியது 2' என்பது என்ன என்று கேட்டபோது விடை சொல்ல அங்கே எவரும் இல்லை. வேண்டாத படமாக இருக்கும் என்றெண்ணி நீக்கினோம். அந்த இடத்தில் நாடக ஒத்திகையை ஏற்றினோம். கணினியில் ஒரு கோப்பை நீக்கியவுடன் ஹார்ட் டிஸ்கில் அது அழிந்துவிடுவதில்லை. அதன் இருப்பிடக் குறிப்பே முதலில் நீங்குகிறது. அந்நிலையில் மீட்க வழியுண்டு. அதன்மேல் வேறொன்றை எழுதிவிட்டாலோ மீட்சியில்லை. நாங்கள் எழுதிவிட்டோம். பாட்டி மறைந்த பின்னரே, எதை இழந்தோம் என்பதை உணர்ந்தோம்.

இப்பிழை எந்த ஊரில் நிகழ்ந்தது என்று எண்ணிப் பார்த்தால் எங்கள் நாணம் இருமடங்காகிறது. படங்களைக் காப்பதை ஒரு தவமாகக் கொண்ட ஊர் அன்றோ இது!

லா காலேஜ் ரோட்டில் நாள்தோறும் எத்தனை முறை போய் வருகிறோம்! அவ்வொரு சாலையிலேயே நமக்கு ஆசிரியர்களாகத் தக்க மூன்று நிறுவனங்கள் உள்ளன. முதலாவது, 1960ஆம் ஆண்டு தொடங்கிய திரைப்படக் கல்லூரி. கோலாப்பூரில் பிறந்து புனேக்குக் குடிபெயர்ந்த பிரபாத் நிறுவனத்தின் படப்பிடிப்பு நிலையமே அக்கல்லூரியின் இடமாயிற்று. பேசும்படத்தின் தொடக்கக் காலத்திலேயே 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தைத் தயாரித்த நிறுவனம் அது. இரண்டாவது, 1964ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். 2022ஆம் ஆண்டு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பெற்று, அதன் பகுதியாக அது இயங்கி வருகிறது. மூன்றாவது, 1917ஆம் ஆண்டு தோன்றிய பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம்.

ஆவணக் காப்பகத்தை உருவாக்கியவர் என்று போற்றப்படுபவர் பி. கே. நாயர். திருவனந்தபுரத்தில் பிறந்து, நம்மைப் போலவே தெற்கிலிருந்து இங்கு வந்து, 1991இல் ஓய்வு பெற்று, 2016இல் இவ்வூரிலேயே மறைந்தார். இருண்ட அரங்கில் சிறு டார்ச் விளக்கும் குறிப்பேடுமாக அமர்ந்து, ஓடும் படத்தைப் பற்றிச் சுருள் சுருளாக எழுதிக்கொண்டே இருப்பார் என்று அவரிடம் பயின்ற மாணவர்கள் நினைவுகூர்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு காட்சி எந்தச் சுருளில் வரும் என்று கேட்டால் உடனே சொல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தது. பெட்டிகளை அடுக்கிவைப்பவர் காவற்காரர்; பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பவரே காப்பாளர். இந்த வேறுபாட்டை அறியாமையால்தான் நாங்கள் பாட்டியை இழந்தோம்.

இழப்பின் வரலாறு நமக்குப் புதிதன்று. தமிழின் முதற் பேசும்படம் 'காளிதாஸ்' 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் படி ஒன்றுகூட இன்று கிடைப்பதாகத் தெரியவில்லை. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்னும் ஊமைப் படமும் அவ்வாறே மறைந்தது. அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதற்காகப் பழைய சுருள்களைக் கரைத்தவர்களும் உண்டு. பழங்காலத்துக் கதைதானே என்று எண்ண வேண்டா. இங்குள்ள திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்றவர் பாலு மகேந்திரா. அவர் எடுத்த 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகிய படங்கள் 1980களின் இறுதியில் வந்தவை. அவற்றின் மூல நெகட்டிவ்கள் இல்லாமற் போனதை அவரே மனம் நொந்து சொல்லியிருக்கிறார்.

இனி, பிழைத்த படம் ஒன்றைக் கேளுங்கள். 1933இல் 'மார்த்தாண்ட வர்மா' என்னும் ஊமைப் படம், நாவலின் உரிமை பற்றிய வழக்கால் தடைப்பட்டது. படச்சுருள் திருவனந்தபுரத்துப் புத்தகக் கடை ஒன்றில் பல்லாண்டு கிடந்தது. 1974இல் அதனைப் பெற்றுப் புனேக் காப்பகத்தில் சேர்த்தனர். எங்கோ ஓரிடத்தில் ஒரு படி இருந்தது. அதனால் படம் பிழைத்தது. மறுபுறம், 2003ஆம் ஆண்டு ஜனவரியில் இங்குள்ள நைட்ரேட் சுருள் கிடங்கில் தீப்பற்றியது. முன்னரே வேறு சுருளில் படி எடுத்து வேறிடத்தில் வைத்தவை பிழைத்தன, படியற்றவை சாம்பலாயின. பெருங்காப்பகத்துக்கே இந்நிலையென்றால், நம் அலமாரியிலுள்ள ஒற்றை ஹார்ட் டிஸ்க் எம்மாத்திரம்?

பண்டார்க்கர் நிறுவனம் கற்பிப்பதும் இதையே. மகாபாரதத்தின் திருந்திய பதிப்பை 1919இல் தொடங்கி 1966இல் முடித்தார்கள்; 1,259 சுவடிகளைத் திரட்டியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நம் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதும் அதற்காகவே. ஒரு சுவடியில் செல் அரித்த வரியை மற்றொரு சுவடி தரும். பல படிகள் பல இல்லங்களில் இருந்தமையால் பதிப்பாசிரியர்க்குப் பணி கூடிற்று. இன்றைய காணொளித் தொகுப்பாளரின் நிலையும் அதுவே: படிகள் வேண்டும், அவற்றிற்குப் பெயரும் குறிப்பும் வேண்டும், அவை அவர் கைக்கு வந்து சேரவும் வேண்டும்.

நிற்க. இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறோம்.

முதலாவது, பெயர். விழாவிற்கு முன் எல்லாக் காமிராக்களின் கடிகாரத்தையும் ஒன்றுபோல் திருத்திவிட வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கோப்புறை. அதன் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை முதலில் வரவேண்டும், பிறகு நிகழ்ச்சி, பிறகு எடுத்தவர் அல்லது காமிராவின் எண். '2025-01-14 பொங்கல் காமிரா 1' என்பது போல. ஆண்டை முன்னே வைத்தால் கணினி தானாகவே காலவரிசைப்படி அடுக்கித் தரும். 'புதியது', 'இறுதி', 'இறுதியின் இறுதி' என்ற பெயர்களை இன்றோடு விட்டொழிப்போம். கோப்புறைக்குள் ஒரு குறிப்புத்தாளும் வேண்டும்: யார் பேசுகிறார், எந்த நிமிடத்தில் எதைச் சொல்கிறார், உடன் இருப்பவர் யார்.

இரண்டாவது, படிகள். ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள். அவற்றை இரு வேறுவகைச் சாதனங்களில் வைத்தல். ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல். இதுவே உலகெங்கும் படத்தொழிலர் கைக்கொள்ளும் நெறி. ஒரு டிஸ்க் சங்க அலமாரியில், ஒன்று நகரின் மறுகோடியில் உறுப்பினர் இல்லத்தில், மூன்றாவது இணையவழிச் சேமிப்பில் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு படிகளும் முழுமையாக ஏறியதைச் சரிபார்க்கும் முன் கார்டைத் துடைத்தல் கூடாது. கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, சிலவற்றை ஓட்டியும் பார்க்க வேண்டும். டிஸ்குகளை ஆறு திங்களுக்கு ஒருமுறை இயக்கிப் பார்த்து, ஐந்தாண்டு ஆனதும் புதியதற்கு மாற்ற வேண்டும். சுவடியைப் பெயர்த்தெழுதிக் காத்த முன்னோர் வழியே இது.

மூன்றாவது, பகிர்தல். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே காமிராவில் ஒரு மணி நேரப் படம் 45 ஜி.பி. இடம் கொள்ளும். மூன்று காமிராக்கள் நான்கு மணி நேரம் எடுத்தால் 540 ஜி.பி. ஆகிறது. இதனை இணையத்தில் ஏற்றி இறக்குவது எல்லார்க்கும் இயல்வதன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ படம் சுருங்கித் தெளிவு குன்றும். ஆதலின், நொடிக்கு 10 மெகாபிட் அளவில் எளிய படி ஒன்று செய்து, மூலத்தின் பெயரையே அதற்கும் இடவேண்டும். 540 ஜி.பி. அப்போது 54 ஜி.பி.யாகக் குறையும். ஹிஞ்சவடியில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் அந்த எளிய படியைக் கொண்டே வெட்டி ஒட்டலாம். பணி முடிந்ததும் தொகுப்புக் கோப்பை மட்டும் சங்கத்திற்கு அனுப்பினால் போதும்; இங்குள்ள மூலத்தோடு இணைத்து முழுத் தெளிவுடன் படத்தை ஆக்கிக்கொள்ளலாம். பெயர் மாறியிருந்தால் இந்த இணைப்பே நிகழாது; பெயரின் அருமை இங்கும் விளங்கும். நம் குழந்தைகளும் பெண்டிரும் இடம்பெறும் படங்களை அவர்தம் இல்லத்தார் இசைவின்றிப் பொதுவெளியில் இடலாகாது என்பதையும் நெறியாகக் கொள்வோம்.

நான்காவது, பழைய நாடாக்கள். உங்கள் பரண்களில் வி.எச்.எஸ். கேசட்டுகளும் சிறிய மினி டிவி கேசட்டுகளும் உறங்குகின்றன. அவற்றில் நம் பழைய நாடகங்கள் உண்டு. காது குத்துகளும் திருமணங்களும் உண்டு. நான்கு திங்கள் மழையடிக்கும் இவ்வூரில் நாடாவில் பூசணம் பூக்கும். வி.எச்.எஸ். கருவி செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாய், 2016ஆம் ஆண்டு ஜூலையோடு அத்தொழிலை நிறுத்திவிட்டது. ஓட்டும் கருவி ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகிறது. ஆதலின், பூசணம் படிந்த நாடாவைக் கருவியில் இட்டுச் சோதிக்காமல் எங்களிடம் கொடுங்கள்; தூய்மை செய்து கணினிக்கு மாற்றித் திருப்பித் தருவோம்.

இப்பணியை இளைஞர்கள் தனியே செய்ய இயலாது. அவர்கள் கணினியை அறிவார்கள். பழைய படத்திலுள்ள முகங்களை அறிய மாட்டார்கள். முகங்களை அறிந்த மூத்தோர் கணினியை அறியார். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருசாராரும் சங்கக் கூடத்தில் ஒன்றாக அமர வேண்டும். தாத்தா சொல்லச் சொல்லப் பேரன் எழுதிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பர். நம் முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பாட்டியின் பதிவு முழுதும் போயிற்று என்றே நாங்கள் நம்பியிருந்தோம். சென்ற திங்கள் அவருடைய பேரன் தன் பழைய கைப்பேசியை ஆராய்ந்தபோது, அன்று படமெடுத்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டொன்று கிடைத்தது. நான்கு நிமிடம், படம் மங்கல், குரல் மட்டும் தெளிவு. தம்மை மாடிக்கு அழைத்த எதிர்வீட்டு அம்மாள் முதலிற் சொன்ன மராத்திச் சொல்லைப் பாட்டி அதில் சொல்கிறார். 'வர், வர்' என்றாளாம். மேலே, மேலே என்று பொருள். "அன்றைக்குத்தான் நான் மராத்தி கற்க ஆரம்பித்தேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

இரண்டு மணி நேரத்தில் எஞ்சியது அந்த நான்கு நிமிடமே. மூன்று படிகள் எடுத்து, பெயரிட்டு, குறிப்பெழுதி வைத்திருக்கிறோம். இவ்வுரை முடிந்ததும் திரையில் காட்டுவோம். கண்டபின், உங்கள் பரணையும் பழைய கைப்பேசியையும் ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.