பேரரசின் படைவலியும் கிளர்ச்சியரின் படைவலியும்



1775-இல் வட அமெரிக்கக் குடியேற்றங்கள் பதின்மூன்றும் பிரித்தானியப் பேரரசை எதிர்த்துப் படை தொட்டெழுந்த ஞான்று, எண்ணை மட்டும் நோக்கினார்க்கு அது முயல் யானையை மறித்ததாகவே தோன்றியிருக்கும். பிரித்தானிய மக்கள் ஏறத்தாழ 80 நூறாயிரவர்; குடியேற்றத்தார் 25 நூறாயிரவர். இவருள்ளும் ஐந்திலொரு பங்கினர் அடிமைப்பட்ட கருப்பினத்தார். விடுதலை பேசியவர் வீட்டிலேயே விலங்கு கிடந்தது! கிளர்ச்சியரை விட்டுத் தம்பால் வந்து படையேந்தும் அடிமைகட்கு விடுதலை என வர்சீனியாவின் ஆங்கில ஆளுநர் அவ்வாண்டே அறிவித்துவிட்டார்.

கடற்படையில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. தரைப்படையோ ஏட்டில் 48,000 பேர். அவரும் அயர்லாந்து முதல் சிப்ரால்ட்டர் வரை சிதறிக் கிடந்தனர். எனவே செருமானியச் சிற்றரசரிடம் கூலிக்குப் படை பெற்றனர். போர் முடியுமுன் அவ்வாறு வந்தோர் ஏறத்தாழ 30,000 பேர்.

கிளர்ச்சியரின் மெய்யான வறுமை ஆளில் இல்லை, வெடிமருந்தில் இருந்தது. 1775 சூன் 17-இல், பாசுட்டனை அடுத்த பங்கர் குன்றப் போரில், ஆங்கிலப் படையினர் ஆயிரவர்க்கு மேல் மாண்டும் புண்பட்டும் வீழ்ந்தனர். ஆயினும் மூன்றாம் தாக்குதலில் குன்று அவர் கைப்பட்டது. காத்து நின்றார்க்கு மருந்து தீர்ந்துபோயிற்று. ஆகத்துத் திங்களில் இருப்பை எண்ணிப் பார்த்த வாசிங்டன், ஆளொன்றுக்கு ஒன்பது வேட்டளவே உள்ளதென அறிந்து திகைத்தார். மருந்துக்கு வேண்டிய வெடியுப்போ வங்கத்திலும் பீகாரிலும் மிகுதியாக விளைந்தது. அஃது ஆங்கிலக் கும்பணியின் பிடியில். பிரஞ்சு நாட்டினின்றும் பிறவிடங்களினின்றும் மறைவாகக் கடல் கடந்து வந்த மருந்தே முதலீராண்டும் கிளர்ச்சியரைத் தாங்கிற்று.

1777-இல் சாரடோகாவில் ஓர் ஆங்கிலப் படை முழுமையாக அடிபணிந்தது. மறுஆண்டு பிரஞ்சு அரசு வெளிப்படையாகவே போரில் இறங்கியது. அதன்பின் பேரரசுக்குப் போர்க்களம் ஒன்றன்று. 1779-இல் ஆங்கிலவர் பிரஞ்சியரின் மாகியைப் பறித்தனர். சினந்தெழுந்த ஐதரலி 1780-இல் ஆர்க்காட்டு நாட்டுட் புகுந்தார். செப்டம்பர் 10-இல், காஞ்சியை அடுத்த புள்ளலூரில், அவரும் அவர் மகன் திப்புவும் பெய்லியின் படையை அழித்தனர். ஆங்கில நூல்கள் அவ்வூரைப் ‘பொள்ளிலூர்’ எனத் திரித்தெழுதும். அமெரிக்கப் போரைப் பேசும் ஏடுகளில் அத்திரிபேனும் வருவது அரிது.

1781 செப்டம்பரில் பிரஞ்சுக் கப்பல்கள் செசபீக்கு விரிகுடாவின் வாயிலை அடைத்தன. கடலையே தம் வேலியாகக் கொண்டவர்க்குக் கடல்வழி இல்லையாயிற்று. அக்டோபர் 19-இல் யார்க்கு நகரில் 7,000-க்கு மேற்பட்ட படையினர் அடிபணிந்தனர். அவர்தம் தலைவர் காரன்வாலிசு, உடல்நலமில்லை என்று தாம் வாராது, வாளைத் துணைத்தலைவரிடம் கொடுத்து விடுத்தார். 1786-இல் அவரே தலைமை ஆளுநராகக் கல்கத்தாவில் வந்திறங்கினார்.