இடைவெளியும் ஓர் எழுத்து



அண்மைக் காலமாக ஒரு பழக்கம் பரவி வருகிறது. குளிரூட்டி பொருத்தும் கையேடானாலும் சரி, மருந்துக் களஞ்சியத்துக்கான அறிவுறுத்தலானாலும் சரி, வரிக்கு வரி ஓர் அம்புக்குறி, ஒரு நட்சத்திரம், ஒரு சரி அடையாளம். அலங்காரத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் இடைவெளியைக் கவனிப்பதே இல்லை, கோட்டையும் கவனிப்பதில்லை. கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பதும் ஒப்புநோக்குவதும் என் தொழில். அந்தத் தொழில்காரனாக ஒரு விஷயத்தைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். இடைவெளியும் ஓர் எழுத்துத்தான். கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் எழுத்து.

கோடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்லோடு சொல்லைச் சேர்ப்பது சிறுகோடு. இரண்டு எண்களுக்கு நடுவே நின்று 'இதிலிருந்து அதுவரை' என்று சொல்வது இடைக்கோடு. வாக்கியத்தின் நடுவே நிறுத்துவது நெடுங்கோடு. இவை போக, கழித்தல் குறி தனி. விசைப்பலகையில் கோட்டுக்கு ஒரே விசை இருப்பதால் நான்குக்கும் அதையே தட்டிவிடுகிறோம். சிறுகதையில் அதனால் பெரிய நட்டமில்லை. தொழில்நுட்ப ஆவணத்தில் உண்டு.

தடுப்பூசிகளில் பலவற்றை 2 பாகை செல்சியஸுக்கும் 8 பாகைக்கும் இடையில் வைக்க வேண்டும். உறைந்தால் கெட்டுப்போகும் தடுப்பூசிகளும் இருக்கின்றன. இதைச் சொல்லும் ஓர் அறிவுறுத்தல் தாள் ஒருமுறை என்னிடம் ஒப்புநோக்க வந்தது. வரி முடிவில் 2 நிற்கிறது. அடுத்த வரி கோட்டோடு தொடங்குகிறது: -8. படிப்பவர் அதை மறை எட்டு என்றுதான் படிப்பார். கோட்டையே எடுத்துவிட்டு '2 பாகை முதல் 8 பாகை வரை' என்று எழுதச் சொன்னேன். நீளமாகிறது, அழகாக இல்லை என்றார்கள். நீளமாகட்டும். எண்ணுக்கு முன்னால் மறைக்குறி வரக்கூடிய இடத்தில் வீச்சைக் கோட்டால் காட்டாதீர்கள், சொல்லால் எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

கணினிக் கையேடு தயாரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டளைகளில் இரண்டு சிறுகோடுகள் அடுத்தடுத்து வரும். சொற்செயலி அவற்றை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். அச்சில் நேர்த்தியாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பிரதி எடுத்து ஓட்டினால் கட்டளை வேலை செய்யாது. தானாகத் திருத்தும் வசதியை அந்த ஆவணத்துக்கு நிறுத்திவிட்டுத்தான் தட்டச்சைத் தொடங்க வேண்டும்.

சரி, கோடு போதும். எனக்குப் பிரியமானது இடைவெளி. அதிலும் ஒரு வகை இடைவெளி: பிரியா இடைவெளி.

கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. நீண்ட விசையைத் தட்டினால் வரும் சாதாரண இடைவெளியின் எண் 32. பிரியா இடைவெளியின் எண் 160. தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வரி முடியும் இடத்தில்தான் வித்தியாசம். சாதாரண இடைவெளியில் வரி உடையும். பிரியா இடைவெளியில் உடையாது. அதன் இரு பக்கத்திலும் உள்ளவை ஒரே வரியில் சேர்ந்தே நிற்கும். இடைவெளி ஓர் எழுத்து என்பதால்தானே அதற்கு எண் இருக்கிறது? அதுவும் ஒன்றல்ல, இரண்டு எண்.

எங்கள் ஊருக்கு இது எவ்வளவு தேவை என்று பாருங்கள். 'கொழும்பு 06' என்று எழுதுகிறோம். கொழும்பு ஒரு வரியில், 06 அடுத்த வரியில். 'இல. 12, காலி வீதி' என்று எழுதுகிறோம். இல. மேலே, 12 கீழே. 'ரூ. 4,500' என்று எழுதுகிறோம். ரூ. மட்டும் வரி ஓரத்தில் தனியாக நிற்கிறது. பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்து ஒரு வரியில், பெயர் இன்னொரு வரியில். '15 ஆம் திகதி' என்பதில் 15 ஒரு பக்கத்தின் கடைசியில், 'ஆம் திகதி' மறுபக்கத்தின் தொடக்கத்தில். மருந்துத் தாளில் 5 மேலே, மில்லிகிராம் கீழே. இத்தனை இடத்திலும் வேண்டியது அந்த ஓர் எழுத்துத்தான்.

மற்ற மொழிக்காரரைவிட நமக்கு இந்தத் தொல்லை அதிகம். தமிழில் சொற்கள் நீளம். மூன்று மொழியிலும் அடிக்கும் படிவத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே அகலத்தில் நிரல் ஒதுக்குவார்கள். ஒடுங்கிய நிரல், நீண்ட சொல். தமிழ் நிரலில்தான் வரிகள் தாறுமாறாக உடையும். அந்த நிரலில் எண்ணையும் அலகையும் சேர்த்துப் பிடித்து வைக்க வேறு வழி இல்லை. அலகை எண்ணோடு ஒட்டி எழுதிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பது எஸ்.ஐ. அலகுமுறையின் விதி; பாகை செல்சியஸுக்கும் அதே விதிதான். இடைவெளியும் வேண்டும், பிரியவும் கூடாது. இரண்டையும் தருவது பிரியா இடைவெளி.

செய்வது சுலபம். கண்ட்ரோல் விசையையும் ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு நீண்ட விசையைத் தட்டுங்கள். திரும்பவும் சொல்கிறேன், காதில் விழட்டும்: கண்ட்ரோல், ஷிஃப்ட், நீண்ட விசை. சொற்செயலியில் அவ்வளவுதான். விண்டோஸ் கணினியில் வேறு செயலி என்றால், ஆல்ட் விசையை அழுத்தியபடி எண் பலகையில் 0160. இடைக்கோட்டுக்கு 0150, நெடுங்கோட்டுக்கு 0151.

கொட்டாஞ்சேனையில் எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கிய ஐயா ஈய எழுத்துக் கோத்தவர். அவர் காலத்து இடைவெளி, விரலால் எடுத்து வைக்கிற ஈயத் துண்டு. எழுத்தைவிட உயரம் குறைவாக இருப்பதால் அதில் மை படாது. 'எம்' என்ற அச்சு அளவில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் தனி அறை. வரி நிறையவில்லை என்றால் எந்தத் துண்டை எடுத்து எதை வைப்பது என்று யோசித்துத்தான் வைப்பார். தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே எப்போதும் மெல்லிய துண்டு; அந்த இரண்டையும் வரி ஓரத்தில் பிரிய விடவே மாட்டார். இடைவெளிக்குக் கனம் இருந்த காலம் அது. இன்று விலைப்பட்டியலில் எண்களை நேராக நிறுத்துவதற்கு நீண்ட விசையைத் தடதடவென்று தட்டுகிறார்கள். எழுத்துரு மாறியதும் நிரல் முழுவதும் கலைந்துவிடுகிறது. நிரலுக்கு டாப் விசை இருக்கிறது; அட்டவணை இருக்கிறது.

அச்சுக்கு முந்திய ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்க்குப் புள்ளியும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் நிறுவிய ஆறுமுக நாவலர், உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகக் கையாண்டவர். மாணவன் தடுக்காமல் படிக்க வேண்டும் என்ற அக்கறை அவர் பாடப்புத்தகங்களில் தெரியும். என்னைப் பொறுத்தவரை நம் தொழிலின் மூத்தவர் அவர்தான். பதிப்பாசிரியர் என்றும் சைவப் பிரசாரகர் என்றும் அவரைப் புகழ்கிறவர்கள், பக்கத்தை அவர் அமைத்த முறையையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நடுவில் இந்த அக்கறை எப்படித் தளர்ந்தது? என் கணிப்பில் பாமினி எழுத்துருவுக்கு அதில் பங்கு உண்டு. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு பழகியவர்களில் பலர் அதில்தான் பழகினார்கள், நானும் அப்படித்தான். அதில் ஆங்கிலக் காற்புள்ளி இருந்த இடத்தில் 'இ' வரும். அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்யின் புள்ளி வரும். காற்புள்ளி வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையோடு முற்றுப்புள்ளி விசையைத் தட்ட வேண்டும். குறிகளின் இடத்தையெல்லாம் எழுத்துகள் பிடித்துக்கொண்டதால், குறி என்பது எங்கோ ஒளிந்திருக்கும் பொருளாகிவிட்டது. பழைய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றும்போது அதன் மிச்சத்தை இன்னும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் இருந்த முகவரியும் தவறிப்போய் மாற்றத்துக்குள் அகப்பட்டால், காற்புள்ளி இருந்த இடத்திலெல்லாம் 'இ' முளைத்துவிடும். மாற்றிய கோப்பை ஒப்புநோக்காமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது.

நம் பழைய குறியீடுகள் மீதும் இப்போது ஒரு மோகம். மேற்படிக்கு, ரூபாய்க்கு, நாளுக்கு, மாதத்துக்கு, வருடத்துக்கு என்று கணக்கேடுகளில் வழங்கிய குறிகள் 2003இல் யுனிகோட்டில் இடம்பெற்றன. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். அழைப்பிதழில் போடுங்கள், சந்தோஷம். இயந்திரக் கையேட்டில் வேண்டாம். எழுத்துருவில் அந்த வடிவம் இல்லாத கணினியில் வெறும் கட்டம்தான் தெரியும். கட்டத்தைப் பார்த்து யாரும் இயந்திரம் ஓட்ட முடியாது.

உங்களிடம் இப்போது ஓர் ஆவணம் இருந்தால், சொற்செயலியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 என்ற மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். மறைந்திருப்பதெல்லாம் வெளியே வரும். சாதாரண இடைவெளி நடுப்புள்ளியாகத் தெரியும், பிரியா இடைவெளி சிறு வட்டமாகத் தெரியும், டாப் அம்பாகத் தெரியும். புள்ளிகள் வரிசையாக நிற்கும் இடங்களை டாப் விசையால் மாற்றுங்கள். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே வட்டம் இல்லையென்றால் வட்டம் வையுங்கள். முகவரிக்கு வாருங்கள். கொழும்புக்கும் 06க்கும் நடுவே நீங்கள் கோடு போட்டிருந்தால் அதை அழித்துவிட்டு, அங்கேயும் ஒரு வட்டம் வையுங்கள்.