ஒற்றைச் சிறகும் மண்குதிரையும்

சிறுவர்களுக்கான மாயக்கதையில் மாயத்துக்கு ஒரு கட்டு இருக்க வேண்டும். நினைத்ததெல்லாம் நடந்துவிடுகிற கதையில், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றம் பிள்ளைக்கு வருவதே இல்லை. கட்டுள்ள மாயத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ், இரும்புக்கை மாயாவி. கதை இங்கிலாந்தினுடையது. ஆனால் திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அது சொந்தக் கதையாகிவிட்டது. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை தனியே மிதந்துவந்து கதவைத் திறக்கும். கொஞ்ச நேரத்தில் உடல் மறுபடி தெரியத் தொடங்கிவிடும், மறைய வேண்டுமானால் திரும்பவும் மின்சாரத்தைத் தொட வேண்டும். அந்தக் கையும் அந்தக் கொஞ்ச நேரமும்தான் கதையை ஓட்டுகின்றன.

அதே மாவட்டத்து மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், பெரியவர்களுக்கான நாவல்களோடு சிறுவர்களுக்கும் தொடர்ந்து எழுதிவருபவர். அவருடைய ‘ஏழுதலை நகரம்’ தமிழில் அரிதாக வரும் முழுநீள மாய நாவல்களில் ஒன்று. ‘கால் முளைத்த கதைகள்’ உலகத்துப் பழங்குடி மக்களின் கதைகளைத் திரட்டித் தருகிறது. உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு ஆதி மனிதர்கள் சொல்லிவைத்த பதில்கள் அவை. இரண்டில், வாய்விட்டு வாசித்துக் காட்டுவதற்கு ஏற்றது இந்தத் தொகுப்புதான்.

சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் விருதை வழங்கிவருகிறது. தமிழில் அண்மையில் விருது பெற்ற நூல்களில் மூன்று மாயத்தைக் கையாள்கின்றன. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் விருது பெற்றது. மரப்பாச்சி என்பது கொலுப் படியில் நிற்கும் கட்டைப் பொம்மை. கண்ணும் மூக்கும் மழுங்கி, பல கை பட்டு வழவழத்துப் போனது. அப்படிப்பட்ட பொம்மை ஒரு சிறுமியிடம் பேசத் தொடங்குகிறது. பிள்ளைகள் மீது நடக்கும் பாலியல் அத்துமீறலைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வழி கிடைப்பது கடினம். அம்மாவிடமும் சொல்லத் தயங்கும் ஒன்றைப் பொம்மையிடம் சொல்லிவிட முடிகிறது. மூன்றில் மிக முக்கியமான நூல் இதுவே. பெற்றோரும் வாசித்தாக வேண்டும்.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இல் விருது பெற்றது. பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கீழடிக்குப் போகும் ஒரு சிறுவன், பல நூற்றாண்டுகளைக் கடந்து ஆதன் என்ற சிறுவனைச் சந்திக்கிறான். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் உண்மையாகவே கீறப்பட்டிருந்த பெயர் ஆதன். அந்தப் பெயருக்கு ஒரு முகமும் ஒரு தோழனும் கிடைத்திருப்பது இந்நூலின் அழகு. வைகைக் கரையின் வரலாற்றைச் சொல்லும் ஆர்வம் சில இடங்களில் கதையை முந்திக்கொள்கிறது. என்றாலும் பள்ளிப் பிள்ளையைக் கீழடிக்கு அழைத்துப்போகும் முன் கையில் தர ஏற்ற நூல்.

மூன்றாவது, விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’, 2025இல் விருது பெற்றது. இரண்டு சிறகு என்றால் பறந்துவிடலாம். ஒரே சிறகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாயாவியின் கையைப் போலவே, குறையோடு வரும் வரம் இது. தலைப்பைக் கேட்டதுமே பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கரிசல் மண்ணுக்கு உரிய மாயம் இன்னும் போதிய அளவு நூலில் ஏறவில்லை. கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டித் தந்ததும், பறவை முட்டை தேடித் திரியும் சிறுவனைப் பற்றி ‘பிஞ்சுகள்’ எழுதியதும் பெரும் கொடை. வானம் பார்த்த பூமியில், சீமைக்கருவேலம் சூழ்ந்த கண்மாய்க்கரையில் சொல்லப்படும் முனிக் கதைகளையும், வீரசோழனைப் போல முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர்களின் ஜின் கதைகளையும் வைத்துச் சிறுவர் நாவல்கள் வர வேண்டும். ஐயனார் இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றிவருவார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கோயில் முன் நிற்கும் மண்குதிரையின் கால் உடைந்துபோனால், அடுத்த புரவி எடுப்பில் புதுக் குதிரை வரும் வரைக்கும் அவர் எதில் ஏறிக் காவலுக்குப் போவார்? ஒரு நாவல் தொடங்க அந்தக் கேள்வியே போதும்.